பட்டாம்பூச்சி அமர்ந்த பலன்

செவ்வாய்க் குமிழ்நகரத்தில் ஜாதகம் பார்க்கும் வழக்கம் ஒழிந்து நான்கு தலைமுறை ஆகிறது. பின்னே என்ன, செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செவ்வாய் தோஷம் பார்த்தால் கட்டுப்படியாகுமா? பகுத்தறிவு வென்றுவிட்டது. இப்போதெல்லாம் பெண்ணைப் பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதோடு சரி. பூச்சி தலையில் அமர்ந்தால் ராஜயோகம், மூக்கில் அமர்ந்தால் மாமியார் சண்டை, வலது தோளில் அமர்ந்தால் கல்யாணம். எங்குமே அமராவிட்டால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

காற்று வாரிய அதிகாரி ஆவுடையப்பன் தன் மகள் தென்றலோடு பூங்கா வாசலில் காத்து நின்றார். தென்றலும் மாப்பிள்ளைப் பையனும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பையனின் அம்மா சௌந்தரவல்லிக்கு அதெல்லாம் கணக்கில் சேராது.

“வாங்க சம்பந்தியம்மா,” என்று அவள் வந்ததும் குழைந்தார் ஆவுடையப்பன்.

“அதுக்குள்ள என்ன சம்பந்தி? முதல்ல பூச்சி உட்காரட்டும்.”

உள்ளே மரங்கள் நிஜம். பறவைகளெல்லாம் மின்கலத்தில் கூவும் பொறிப்பறவைகள். பறப்பவற்றில் உயிருள்ள இனம் பட்டாம்பூச்சி ஒன்றுதான். அதற்கு ஆபத்து வரக்கூடாதென்று, புழுவைக் கொத்தாத மைனாவையும் பூச்சியைத் துரத்தாத கரிச்சானையும் விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுச் செய்திருந்தார்கள். எறும்பைக்கூட உள்ளே விடவில்லை. மனிதனை மட்டும் விட்டார்கள், அவன்தானே சீட்டு வாங்குகிறான்!

வழிகாட்டி எந்திரன் வணங்கியது. “அன்புடையீர், பட்டாம்பூச்சியின் வாழ்வில் நான்கு பருவங்கள்...”

“இந்தப் புராணத்தையெல்லாம் யாரு கேட்டா? பூச்சி எங்க, அதைச் சொல்லு,” என்றார் ஆவுடையப்பன்.

“கேட்டுவிட்டுப் போனால் நல்லது ஐயா. இப்போது இங்கே...”

“வாயை மூடு!”

சொன்னதைக் கேட்கும்படி செய்யப்பட்ட எந்திரன். மூடிக்கொண்டது.

எலுமிச்சை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். ஒரு சிறகும் கண்ணில் படவில்லை. பொறிக்குயில் ஒன்று மட்டும் விடாமல் கூவி உயிரை வாங்கியது.

“பிராப்தம் இல்லை. கிளம்பலாம்,” என்று சேலையை உதறி எழுந்தாள் சௌந்தரவல்லி.

தென்றலின் கண்கள் கலங்கின. அப்போது மரத்திலிருந்து அவள் தோளில் என்னவோ சொத்தென்று விழுந்தது. விரல் நீளம், கொழுகொழுவென்று பச்சை நிறம், மெல்ல நெளிந்தது.

“ஐயையோ! என்ன கண்ராவி அது!” என்று சௌந்தரவல்லி அலறினாள்.

“அப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டுமே. எவ்வளவு மெத்துனு இருக்கு பாருங்க!”

ஆவுடையப்பன் ஜன்மத்தில் புழுவைக் கண்டதில்லை. குழந்தைகள் அருவருக்கிறார்கள் என்று பெற்றோர் சங்கம் அந்தப் படத்தைப் பாடத்திலிருந்தே எடுக்கச் சொல்லியிருந்தது. ஆனாலும் ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்? கை தானாகத் தட்டிவிட்டது. செருப்புக்கால் தானாக மிதித்துத் தேய்த்தது.

ஆபத்து என்றால் மட்டும் எந்திரன் கட்டளையை மீறலாம். மீறியது, ஒரு நொடி தாமதமாக.

“ஐயா, நீங்கள் மிதித்தது பட்டாம்பூச்சி.”

“என்ன உளர்றே? சிறகே இல்லை, புழு!”

“புழுதான் ஐயா சிறகு முளைத்துப் பட்டாம்பூச்சி ஆகும். அதைத்தான் சொல்ல வந்தேன். கடைசித் தாய்ப்பூச்சி போன வாரம் இறந்தது. அதன் முட்டைகளில் பொரிந்தது இது ஒன்றுதான். இதன் உயிரணுவிலிருந்து நூறு நகல்கள் எடுத்து வளர்ப்பதாக இருந்தோம். இனி இந்த இனம் எந்தக் கிரகத்திலும் இல்லை.”

தென்றல் தரையில் மண்டியிட்டு விம்மி அழுதாள். வேலையும் போச்சு, பெண்ணின் வாழ்க்கையும் போச்சு என்று பெஞ்சில் சரிந்தார் ஆவுடையப்பன்.

சௌந்தரவல்லி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“இரு இரு. அப்போ இவ மேல உட்கார்ந்தது பட்டாம்பூச்சிதானா?”

“ஆம் அம்மா.”

“எந்தத் தோள்?”

“வலது தோள்.”

“பாத்தீங்களா சம்பந்தி!” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “உலகத்துலயே கடைசிப் பூச்சி, நம்ம பொண்ணைத் தேடி வந்து உட்கார்ந்துட்டுப் போயிருக்கு! இந்தப் பாக்கியம் இனி எவளுக்குக் கிடைக்கும்?”

ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புழுவுக்கு வரவில்லை.

அடுத்த மாதமே கல்யாணம். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உச்சியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது:

‘பட்டாம்பூச்சி துணை.’