கயிறு பிடித்தவன்

அன்று மத்தியானம் ஜெயசெல்வி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவள் புருஷன் பால்துரை சங்கு குளிக்க முங்கி, கடலுக்கடியிலேயே மூச்சுமுட்டிச் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. உலக யுத்தம்கூட முடிந்துவிட்டது, அவள் துக்கம் முடியவில்லை. அண்ணன் ஜேசுபாதம் வீட்டோடுதான் இருக்கிறாள். தினமும் அவன் தோணியிலிருந்து திரும்பிச் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து எதிரே வந்து உட்காருவாள்.

"அண்ணே, அன்னைக்குக் கயிறு எத்தன தடவ சுண்டுச்சு?"

"ஒரு தடவகூட இல்லளா."

எழுந்து போய்விடுவாள். பண்டிகை நாளானாலும் உண்டு, காய்ச்சலில் கிடந்தாலும் உண்டு.

அந்தக் கரையில் முங்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் மேலே பிடிக்க வேண்டும்; மூச்சு முட்டிக் கீழிருந்து அவன் சுண்டினால் உடனே இழுத்துத் தூக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியை எவன் அறுப்பான் என்ற நம்பிக்கை. நல்ல நம்பிக்கை! அன்று காலை பத்துப் பேர் முன்னால், "மச்சானுக்குக் கயிறு பிடிக்கத்தான் தெரியும், முங்கத் தெரியாது" என்று பால்துரை கேலி செய்திருந்தான். கீழிருந்து கயிறு சுண்டியபோது, கொஞ்சம் திணறட்டும் என்று ஜேசுபாதம் சும்மா இருந்தான். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. பிறகு இழுத்தபோது பிணம்தான் வந்தது.

"ஏளா, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையே?" என்று இப்போது அவனே கேட்டுத் தொலைத்தான்.

"இனி எதுக்குண்ணே? அவுகளே வந்து சொல்லிட்டாவ."

குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வெளியே உச்சி வெயில் மணலை வறுத்துக்கொண்டிருக்க, குடிசைக்குள் மட்டும் கடற்பாசியும் அழுகிய சங்குச் சதையும் கலந்த வாடை மெல்ல மெல்ல ஏறி வர, பக்கத்து வீட்டு அம்மிச் சத்தம், காக்கைகளின் கரைச்சல், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல் எல்லாம் காதில் பஞ்சை வைத்து அடைத்தாற்போல ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. காதுக்குள் வலித்தது. ஆழம் போனால் இப்படித்தான் வலிக்கும் என்று பால்துரை சொல்லியிருக்கிறான்.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் தரையில் பாவவில்லை.

இடுப்பில் ஏதோ இறுகியது. குனிந்து பார்த்தான். கயிறு. ஈரக் கயிறு. மறுமுனை ஜெயசெல்வியின் இடது கையில்.

"மூணு தடவளா! மூணு தடவ சுண்டுனான்! என்ன மன்னிச்சிரு!"

இரண்டு வருஷமாக அவள் கேட்ட பதில். வாயிலிருந்து வெறும் குமிழிகளாக வந்தது.

கயிற்றைச் சுண்டினான். அவள் அசையவில்லை.

மறுபடி. நெஞ்சு எரிந்தது. அவள் முகம் எங்கோ மேலே, தண்ணீருக்கு அப்பால்.

மறுபடி.

ஜெயசெல்வி கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. புருஷன் போனதிலிருந்து அரை வயிறு தின்று எலும்பாய்ப் போனவள், அண்ணனின் தட்டை அருகே இழுத்துவைத்து, வலது கையால் சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

கீழே, இருட்டிலிருந்து ஒரு குளிர்ந்த கை வந்து அவன் கணுக்காலைப் பிடித்தது. அதற்கும் அவசரமில்லை.