லெவலில் கட்டிய சிலிண்டர்கள்

மரியகுழந்தை வந்தபோது பார்வதம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டர்சன்பேட்டையில் எது காணாமல் போனாலும் ஜனங்கள் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். பக்கத்தில் நோயல் இருந்தான். செல்போன் கடைக்காரன்தான், ஆனால் துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கடை அதுபாட்டுக்குத் திறந்து கிடக்கும்.

மரியகுழந்தை அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஏசுபாதத்துக்கு மூடிக்கிடக்கும் பாலகாட் தங்கச் சுரங்கத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அங்கே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஷாஃப்டை, சரிவாக இறங்கும் சுரங்கக் குழியை, அளக்க பெங்களூரிலிருந்து முக்குளிக்கும் கோஷ்டி ஒன்று வந்திருக்கிறது. அவர்களுடைய கயிறும், மூச்சுக்காற்று அடைத்த சிலிண்டரும் இவன் பொறுப்பு. இன்று காலை இரண்டு சிலிண்டர்களைக் காணவில்லை. கோஷ்டித் தலைவர் கிரண் நேரே இவர்கள் தெருவுக்கே வந்து, சர்ச் எதிரில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஏசுபாதத்தைத் திருடன் என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் சிலிண்டர் வராவிட்டால் போலீஸில் புகார்.

"நேத்து ராத்திரி பூரா கரெண்ட் இல்லம்மா. புழுக்கத்துல எங்க வூட்டு ஆளு வாசல்லயேதான் படுத்துக்கினு இருந்தாரு. தெருவே பாத்துது. ஆனா இன்னா பண்றது, அவுங்க அண்ணன் மைன்ஸ் இரும்ப வித்து ஜெயிலுக்குப் போன ஆளு. இவரையும் அந்தக் கண்ணாலதான் பாக்குறாங்க."

"அவரு இன்னா சொல்றாரு?"

"ஒரே பேச்சுதான். 'லெவல்ல கட்டச் சொன்னாரு, லெவல்ல கட்னேன்.' அதுக்கு மேல வாயத் தொறக்கல."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஏசுபாதத்துக்கு அந்த வாய்தான் கிடையாது. பார்வதம்மா அவன் வீட்டுக்குப் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, அந்த ஒரே பேச்சைத்தான் திரும்பச் சொன்னான். பார்வதம்மா வற்புறுத்தவில்லை. வாசலில் கிடந்த அவன் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். நேற்று வேலைக்குப் போட்டுப் போனது, இன்று அவன் வெளியே போகவேயில்லை. அடியில் காய்ந்த கல்தூளும் கொஞ்சம் இரும்புத் துருவும் ஒட்டியிருந்தன.

பாலகாட்டுக்கு நோயலின் ஸ்கூட்டரில் போனார்கள். கிரண் கெட்ட மனிதரல்ல, பதறிப்போன மனிதர். அளவெடுக்க அனுமதி வாங்கவே கோலாருக்கு நடையாய் நடந்தவர். நேற்று மாலையும் அங்கேதான் போயிருந்தார். சிலிண்டர் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

அவர் நிதானமாகவே விளக்கினார். இந்தச் சிலிண்டர்களை முதுகில் சுமப்பதில்லை, விலாவுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வது. கனத்த எஃகு. மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் முன்கூட்டியே கயிற்றில் இறக்கி, தண்ணீர் ஓரமாக இறுகக் கட்டி வைத்துவிட வேண்டும். ஆள் முதலில் தண்ணீரில் இறங்குவார், பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்வார். கட்டு நழுவினால் உருண்டு ஆழத்துக்குப் போய்விடும், அப்புறம் தேட முடியாது.

பார்வதம்மா அவருடைய பூட்ஸைப் பார்த்தார். கணுக்கால் வரை கறுப்புச் சேறு. தண்ணீர் ஓரம் முழுக்க அப்படித்தான் என்றார் கிரண்.

நோயலுக்கு உடனே பொறி தட்டியது. பார்வதம்மாவைத் தனியே இழுத்தான். "ஏசுபாதம் செருப்புல சேறே இல்லம்மா. அந்த ஆளு தண்ணி ஓரமே போகல. கட்னேன்னு சொன்னது பொய்."

"பாதி சரி நோயலு. தண்ணி ஓரம் போகல. பொய்யின்னு யாரு சொன்னா?"

பிறகு கிரணிடம், ஏசுபாதத்திடம் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொன்னார்.

"சிலிண்டரை லெவல்ல கட்டி வை. அவ்ளோதான் சொன்னேன்."

"எந்த லெவலு சார்?"

"தண்ணி லெவல். வேற எது?"

பார்வதம்மா ஷாஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார். "நேத்து இந்தச் சுவத்துல, தண்ணிக்கு ஓராள் ஒசரத்துல, பக்கவாட்டுல போற வழி எதாச்சும் பாத்தீங்களா?"

"ஆமா. ஒரு டன்னல் இருந்தது." கிரண் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அங்கே தண்ணீர்தான் இருந்தது.

பார்வதம்மா மேலே இருந்த பம்பைக் காட்டினார். நாள் முழுக்க அது இறைத்ததால்தான் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. ராத்திரி கரெண்ட் போனதும் பம்ப் நின்றது, ஊற்று ஏறிவிட்டது. காலையில் கரெண்ட் வந்தபிறகும் பம்பை யாரும் போடவில்லை. எல்லோரும் திருடனைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பம்ப் ஓடத் தொடங்கியது. காத்திருந்த நேரத்தில் பார்வதம்மா மீதியைச் சொன்னார்.

"நீங்க டன்னல்னு சொல்றீங்க இல்ல, அதுக்கு இந்த ஊர்ல பேரு லெவலு. மைன்ஸ் இருந்த காலத்துலேர்ந்து ஷாஃப்டுலேர்ந்து பக்கத்துல போற வழி எல்லாமே லெவலுதான். இங்க பொறந்த ஆளுக்கு வேற அர்த்தமே தோணாது. லெவல்ல கட்டுன்னீங்க. அவரு லெவலுக்குள்ள போயி, ஈரமில்லாத எடத்துல, பழைய இரும்புல கட்டிட்டு வந்தாரு. செருப்புல ஒட்னது அந்தத் துருவும் கல்தூளும்தான். காலைல நீங்க லெவல்ல இல்லன்னீங்க. நீங்க உள்ள போயி பாத்துட்டுதான் சொல்றீங்கன்னு அவரு நெனச்சாரு. அவரு லெவல்லதான் கட்னேன்னாரு. உங்களுக்கு அது பச்சைப் பொய்யா கேட்டுது."

நோயல் தலையைச் சொறிந்துகொண்டான். ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லியே சண்டை போட்டிருக்கிறார்களே என்று முணுமுணுத்தான்.

வெயில் சாயும் நேரத்தில் லெவலின் வாய் தலை காட்டியது. நோயல் போய் ஏசுபாதத்தை அழைத்துவந்தான். தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஏசுபாதம் உள்ளே போனான். இரண்டு சிலிண்டர்களும் அவன் கட்டிய கட்டிலேயே இருந்தன. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் முடிச்சு இம்மியும் அசையவில்லை.

கிரணுக்கு முகம் செத்துப்போயிற்று. மன்னிப்புக் கேட்டார், நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

ஏசுபாதம் அன்றைக்கு முதல் தடவையாக இன்னொரு வாக்கியம் பேசினான். "வர்றேன் சார். திருடன்னு எங்க நின்னு சொன்னீங்களோ, இல்லன்றதயும் அங்கயே வந்து சொல்லிடுங்க."

கிரண் மறுக்கவில்லை. சர்ச் எதிரில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். மரியகுழந்தை கதவோரம் வந்து நின்றாள், நாலைந்து பேர் கூடினார்கள். ஏசுபாதம் எதையும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் கிரண்.

"காலைல இத விட சத்தமா சொன்னீங்க சார்," என்றாள் மரியகுழந்தை.

கிரண் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து, தெருக்கோடி வரை கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.