பூச்சியத்துக்குக் கீழே ஓடிய படகு

பொத்தானைத் தொடுவதற்கு முன்பே படகு கிளம்பிவிட்டது.

சுல்பா விரலைத் தூக்கியபடியே திரையைப் பார்த்தாள். ஆலங்குடாக் கடலில் டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்காக அவள் உருவாக்கும் இணைய முன்பதிவுப் பக்கம் அது. ஆசனத்தைத் தெரிவு செய்து பொத்தானை அழுத்தினால், கோடுகளால் வரைந்த சின்னப் படகொன்று கரையை விட்டுப் புறப்பட்டு, முதுகு காட்டி நிற்கும் ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு அலைகளைத் தாண்டிப் போய்ப் புள்ளியாகி மறைய வேண்டும். தானாக ஓடக் கூடாதென்று அவளே கட்டளை எழுதியிருந்தாள்.

படத்தை வரைந்தவன் அவள் கணவன் ஸப்ரான்; அந்த மனிதனுக்கு அவன் முகம் வரையவே இல்லை. டொல்பின் துள்ளுவதைக் கண்ணால் பார்த்து வரைய வேண்டுமென்று கடலுக்குப் போனான். அவன் மூழ்கியதைக் கூடப் போனவர்கள் கண்டார்கள், மையித்துத்தான், அவன் உடல்தான், கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே ஊர் கூடி மறைவான ஜனாஸா தொழுதது. சுல்பா, ஸப்ரானின் உம்மாவான மாமி பளீலாவின் வீட்டில், கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா இருந்தாள். வாசல் தாண்டாத அந்த நாட்களில் இந்த வேலை ஒன்றுதான் அவளை உட்கார வைத்திருந்தது.

சிலாபத்தில் இருந்தபடி தன்னோடு வேலை செய்யும் மெரினாவுக்குப் போன் எடுத்தாள்.

"இங்க அசையாம நிக்குதடி," என்றாள் மெரினா. "நான் அழுத்தினாத்தான் ஓடுது. நீ கொஞ்சம் படுத்தெழும்பு."

பின்னேர அஸர் தொழுகை நேரத்து வெயில் சன்னல் வழியே சாய்ந்து கிடந்தது. வெளியே தென்னோலைகளைக் காற்று உரசிக்கொண்டே இருந்தது. திரையில் அந்த மனிதன் மறுபடியும் போய்க்கொண்டிருந்தான். சட்டைக் கொலர் பிடரியில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. ஸப்ரானுடையது எப்போதும் அப்படித்தான் மடங்கும். வெளிக்கிடும்போதெல்லாம் அவள்தான் இழுத்துவிடுவாள். அவன் கடலுக்குப் போன அன்று விடியற்காலையில் அவள் தூக்கத்தில் இருந்தாள்.

இன்னொரு முறை போகவிட அவளுக்கு மனம் வரவில்லை. படம் ஓடும் திசையை மாற்றினாள்.

படகு பின்னோக்கி வந்தது. புள்ளி முதுகாயிற்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கரையைத் தொட்டதும், திரை மூலையில் ஓடும் படச்சட்ட எண் பூச்சியமானதும், படம் நின்றாக வேண்டும். அதற்கு முன்னால் ஸப்ரான் எதையும் வரைந்திருக்கவில்லை.

எண் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது.

மனிதன் படகிலிருந்து பின்புறமாகவே இறங்கினான். பின்புறமாகவே மணலில் நடந்தான். முதுகு பெருத்துப் பெருத்துத் திரையை அடைத்தது. பிறகு திரை வெறுமையானது. எண் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பாசி வாடை வந்தது. கூடவே படகு இயந்திரத்து மண்ணெண்ணெய் வாடை.

முற்றத்து மணலில் காலடி. குதிகால் முதலில். பிறகு விரல்கள்.

காற்றுக்குத் திறந்திருந்த வாசல், அவள் இருந்த அறையிலிருந்தே தெரிந்தது. ஒரு வெளிறிய குதிகால் படியேறியது. அடுத்தது. ஈரச் சட்டை. மடங்கிய கொலர்.

சுல்பா ‘நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

அவன் நின்றான். ஒரு கால் தரையில் படவில்லை. சட்டை நுனியில் இருந்து விழுந்த நீர்த்துளி பாதி வழியில் நின்றது.

தொழுத பாயிலிருந்து எழுந்த பளீலா, வெள்ளை உடுப்போடு கூடத்துக்கு வந்தாள்.

"மகள்... வந்திட்டாரே. ஏன் எனக்குச் சொல்லல்ல?"

மாமி, தொடாதீங்க. சுல்பா மனசுக்குள்தான் கத்தினாள். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. முன்னோக்கி விட்டால் கடலுக்குப் போவான். பின்னோக்கி விட்டால் இந்த அறைக்கு வருவான்.

"திரும்புங்க மகன். உம்மாவப் பாருங்க."

அவன் திரும்பவில்லை. பளீலாவே அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். இரண்டு கைகளையும் உயர்த்தி அவன் தலையை ஏந்தினாள்.

அந்தப் பக்கமும் பிடரிதான். ஈர முடிதான்.

அவள் அலறவில்லை. முடியை மெல்ல மெல்ல விலக்கி, மகனின் முகத்தைத் தேடிக்கொண்டே நின்றாள்.