முந்திக்கொண்ட உருவம்

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் அவளுடைய உருவம் இரண்டடி நடந்தது.

ரோஸ்லின் அதைப் பொருட்படுத்தவில்லை. மன்னார்குடிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே பாதி எழும்பியிருந்த அந்த வீட்டில் பூச்சு முடிந்தது கீழறை ஒன்றுதான். ஈரச் சிமெண்டும் ஐப்பசி மழையில் ஊறிய வயற்சேறும் கலந்து மணந்த அவ்வறையில் அமர்ந்து, நாள்தோறும் பிற்பகலில், சிங்கப்பூரிலிருந்த கணவன் ஜெக்கரியாவோடு, அவனே கணினிக்குள் கட்டியிருந்த இதே வீட்டில் உலவுவாள். இணைப்புத் தடைப்பட்டால், அதுவரை நடந்த திசையையும் வேகத்தையும் கொண்டு அடுத்த அடியை நிரல் தானே ஊகிக்கும். ஊகம் பிசகினால், உருவத்தை ஒரே இழுப்பில் உண்மையான இடத்தில் சேர்க்கும்.

"சாமியார் வந்து புதுவீட்டை மந்திரிக்கிறதுக்குள்ள நாம குடித்தனமே நடத்திட்டோம்," என்று சென்ற வாரம்தான் அவன் சிரித்தான்.

இன்று அவன் உருவம் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. கைப்பேசி ஒலித்தது. அழைத்தவன் ஜெக்கரியா.

"காத்துக்கிட்டு இருக்கியா? இங்க காலையிலேர்ந்து நெட் இல்ல. பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன்."

"விளையாடாதீங்க. மாடி ஏறிட்டீங்களே."

"யாரு, நானா? நாலு செகண்டுக்கு மேல அது கெஸ் பண்ணாதே. ஒயரைப் பிடுங்கு."

இணையம் வரும் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினாள். அவன் உருவம் மாடியின் கிழக்கு விளிம்பில் நின்று திரும்பியது. கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டப்படாத விளிம்பு. அவளுடைய உருவம் படியேறத் தொடங்கியது.

மழை விட்டிருந்தது. தவளைகளும் அடங்கியிருந்தன. சுவருக்கு அப்பால், உண்மையான படிகளில், ஈரக் கால்கள் பதியும் ஓசை மட்டும் கேட்டது. ஓர் அடி, சிறு இடைவெளி, இன்னோர் அடி. திரையில் ஏறிய அவள் உருவத்தின் அடிகளோடு அணுவளவும் பிசகாமல்.

"பிடுங்கியும் நிக்கல. இங்க நிஜப் படியில காலடி கேக்குது," என்றாள்.

"ரோஸ்லின், வெளிய போ! அந்த வீட்டை விட்டு வெளிய போ!"

எழ முயன்றாள். கால்கள் அசையவில்லை. கைப்பேசி நழுவியது. நாற்காலியை இறுகப் பற்றினாள். இங்கே இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். திரையில் அவள் உருவம் விளிம்பை அடைந்தது.

ஒரே இழுப்பு.

காற்று. வெளிறிய வானம். கீழே, தூண்களுக்காக நிமிர்ந்து நின்ற இரும்புக் கம்பிகள். வலக்கால் விரல்கள் சிமெண்டைத் தாண்டியிருந்தன. கீழறையில் கைப்பேசி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அவளுடைய இடக்கால் எழுந்தது.

அவள் எழுப்பவில்லை.