‘இனி’ என்று அடித்தால்

காலை 7.40. ஸ்கேன் மையத்தைப் பெருக்க வந்த அம்மாள், டைப்பிங் அறைக் கதவைத் திறந்தவள் துடைப்பத்தோடு நின்றாள்.

டைப்பிஸ்ட் அம்மா மேஜைமேல் தலை சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். தோளைத் தொட்டாள்; உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது. பக்கத்தில் ஒரு டீக் கோப்பை, அடியில் வெள்ளையாக வண்டல். திரையில் நாலே வரி:

“இனி என்னால் முடியாது. தனிமையைத் தாங்கும் தெம்பு இல்லை. இது என் சொந்த முடிவு. இதனால் உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

காலை 9.15. கைரேகைக்காரர்கள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். உடலை எடுத்துப் போயாகிவிட்டது. ஆய்வாளர் வயதில் இளைய பெண், நடையிலும் பேச்சிலும் வேகம். காவல் நிலையத்து ரைட்டர் அவருக்குப் பின்னால் ஃபைலோடு நின்றார். ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாக மற்றவர்கள் சொல்லச் சொல்ல அடித்தே விரல் காய்த்தவர். மனைவி போய் ஒன்பது வருஷம். வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும்தான்.

“ரைட்டர் சார், தூக்க மாத்திரைதான். கதவு உடையலை, சண்டை போட்ட அடையாளமும் இல்லை. சம்பவ இட அறிக்கையை இங்கேயே அடிச்சு முடிச்சிடுங்க. நான் மேலாளர்கிட்ட பேசிட்டு வரேன்.”

ரைட்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை கட்டியிருந்தது. ஒரு நிமிஷம் அதில் சாய மனசு வரவில்லை. புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, தேதி, இடம் எல்லாம் அடித்தார். பிறகு கடிதத்தை அப்படியே பார்த்து எழுத ஆரம்பித்தார்.

‘இனி’ என்று அடித்து இடைவெளி விட்டார்.

திரையில் ஒரு வரி குதித்தது: “இனி ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்.”

அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் அதே வரி.

ரைட்டருக்கு இது புதிசில்லை. அவரும் நிலையத்தில் ‘மேகு’ என்று அடித்தால் ‘மேற்படி குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று விழும்படி செய்துவைத்திருக்கிறார். ஒரே வாக்கியத்தை நாளைக்கு நாற்பது தடவை அடிக்கிறவன் கண்டுபிடிக்கிற வழி அது. அமைப்புக்குள் போய் அந்தம்மாவின் பட்டியலைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு சுருக்கங்கள்.

‘கஇ’ என்றால் “கல்லீரல் இயல்பான அளவில் உள்ளது.” ‘சிக’ என்றால் “சிறுநீரகத்தில் கல் காணப்படவில்லை.” ‘எந’ என்றால் ஒன்பது வரி முழு அறிக்கை; எல்லா உறுப்பும் நலம். கீழே போகப் போகச் சொந்த விஷயங்களும் கலந்திருந்தன. ‘ஒம’: “ஒருவருக்கு மட்டும் சாப்பாடு. வாசலில் வைத்துவிடவும்.” ‘பாபோ’: “பால் அரை லிட்டர் போதும்.” ‘பிந’: “பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி.” அது எத்தனை தடவை பயன்பட்டது என்று பட்டியல் சொல்லவில்லை.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டல்காரனுக்கு அவரும் தினமும் அனுப்புகிற செய்திதான் அந்த ‘ஒருவருக்கு மட்டும்’.

காலை 10.05. ஆய்வாளர் திரும்பி வந்தார்.

“மேடம், இந்தக் கடிதம் இந்த மெஷின்ல அடிச்சதில்லைன்னு தோணுது.”

ரைட்டர் ‘இனி’ என்று அடித்துக் காட்டினார். ஆய்வாளர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “குதிச்ச வரியை அழிச்சுட்டு அவங்களே திருத்தியிருக்கலாமே?”

“இருக்கலாம். அதனாலதான் தோணுதுன்னு சொன்னேன். கடைசி வரியைப் படிங்க மேடம்.”

“ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

“றோம். அவங்க வீட்டில யாரு இருக்கா?”

“யாரும் இல்லை. தனிக்கட்டை.”

“தனிமை தாங்கலைன்னு ரெண்டு வரி முன்னாடி எழுதினவங்க, கூட யாரைச் சேர்த்துக்கிட்டு வருந்துறாங்க? ஒத்தையா இருக்கிறவங்களுக்கு அந்த ‘றோம்’ கைக்கு வராது மேடம். எனக்கு வராது.”

ஆய்வாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காலை 10.30. ஸ்கேன் டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மனிதர் கலங்கிப்போயிருந்தார்.

“நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“நேத்து வியாழன். வியாழக்கிழமை நான் வேற ஆஸ்பத்திரியில இருப்பேன். இங்கே வர்றதே இல்லை.”

ரைட்டர் தலையைத் தூக்கினார். “வர்றதே இல்லையா சார்?”

“ரெண்டு வருஷமா.”

டாக்டர் வராத நாளில் டைப்பிஸ்டுக்கு என்ன வேலை? ரைட்டர் பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாகப் புரட்டினார். மூன்று வியாழக்கிழமைகளில் ஏழு அறிக்கைகள். ஏழிலும் டாக்டரின் கையெழுத்து முத்திரை. ஏழும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்த ‘எந’ சுருக்கத்தின் ஒன்பது வரி.

டாக்டர் படித்தார். “நான் இந்தப் படங்களைப் பார்க்கவே இல்லையே! முத்திரை மேலாளர் ரூம்லதான் இருக்கும்.”

காலை 11.10. மேலாளர் அறை. ஊதுபத்தி வாசனை, பளபளக்கும் மேஜை. மேலாளர் எழுந்து நின்றே பேசினார்.

“பாவம் மேடம், நல்ல பொம்பளை. நான் அஞ்சரைக்கே கிளம்பிட்டேன். அப்ப அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.”

“டீ யார் கொடுத்தது?”

“அவங்களே போட்டுப்பாங்க.”

“உங்க மெஷின்ல ஒரு வரி அடிச்சுக்கலாமா சார்?” என்றார் ரைட்டர்.

“தாராளமா. இங்கிருந்து நோயாளிகளுக்குப் போற கடிதம்தான் அதுல இருக்கும். ஸ்கேன் தள்ளிப்போச்சு, நேரம் மாறிச்சு, இந்த மாதிரி.”

ரைட்டர் முதலில் ‘இனி’ என்று அடித்தார். ‘இனி’ சும்மா இனியாகவே நின்றது. அடுத்து ‘வரு’ என்று அடித்து இடைவெளி விட்டார்.

“ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

ரைட்டர் திரையை மேலாளர் பக்கம் திருப்பினார்.

“இதை நாளைக்கு எத்தனை தடவை அனுப்புவீங்க சார்? இருபது? முப்பது?” ரைட்டரின் குரல் உயரவே இல்லை. “‘இதனால் உங்களுக்கு வரும் கஷ்டத்துக்கு வருந்துகிறேன்’னு அடிக்கத்தான் நினைச்சிருப்பீங்க. ‘வரு’ அடிச்சதும் கை பழக்கத்துல இடைவெளியைத் தட்டிடுச்சு. மீதியை மெஷின் போட்டுச்சு. தினமும் பார்க்கிற வரிங்கிறதால கண்ணுல படலை. இங்கே அடிச்சு, பொது ஃபோல்டர்ல போட்டு, அவங்க தலை சாய்ஞ்சப்புறம் அங்கே போய்த் திறந்து வச்சிருக்கீங்க.”

“யார் வேணா ‘வருந்துகிறோம்’னு எழுதலாம்!”

“எழுதலாம்,” என்றார் ஆய்வாளர். “நீங்க அழிச்சிருந்தாலும் அந்தக் கடித ஃபைலை எங்க கம்ப்யூட்டர் பிரிவு மதியத்துக்குள்ள எடுத்துடும். அதுவரைக்கும் உட்காருங்க. அந்த ஏழு பேரைப் பத்திப் பேசுவோம்.”

மேலாளர் உட்கார்ந்தார்.

“டாக்டர் இல்லைன்னு திருப்பி அனுப்பினா எதிர்ல இருக்கிற மையத்துக்குப் போயிடறாங்க,” என்றார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன். டாக்டர் ஃபோன்ல படம் பார்த்துச் சொன்னார்னு சொல்லி அந்தம்மாவை அடிக்க வச்சேன். அதுல ஒருத்தருக்குக் கட்டி இருந்திருக்கு. பழைய ஃபைலைத் தேடறப்ப அந்தம்மா படத்தைப் பார்த்துட்டாங்க. இருபது வருஷம் அடிச்ச கை, டாக்டருக்குத் தெரியறதுல பாதி தெரியும். நேத்து சாயங்காலம் வந்து, நாளைக்குள்ள நீங்க டாக்டர்கிட்ட சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்னாங்க.”

“அதனால டீ போட்டுக் கொடுத்தீங்க.”

மேலாளர் ஆமென்று தலையசைத்தார்.

மதியம் 2.20. கம்ப்யூட்டர் பிரிவு அழித்த கடித ஃபைலை மீட்டு எடுத்துவிட்டது. மேலாளரின் மெஷினில், வியாழன் மாலை 5.48க்கு அடித்தது. வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போனது. தெருவில் கூடியிருந்தவர்கள் கலைந்தார்கள்.

“அந்த ஏழு பேருக்கும் நாமதான் சொல்லணும்,” என்றார் ஆய்வாளர். “ரைட்டர் சார், நீங்க பேசறீங்களா? உங்களுக்குப் பக்குவமா வரும்.”

ரைட்டர் பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டார். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி, கோடு கிழித்து அழித்து, மறுபடி எழுதினார். முதல் எண்ணைப் போட்டார். ஒரு வயதான பெண் குரல் எடுத்தது.

“அம்மா, பயப்படாதீங்க. நீங்க எடுத்த ஸ்கேன் அறிக்கை சரியில்லை. உடனே வேற இடத்துல...”

“தெரியுமே தம்பி. அந்த டைப் அடிக்கிற அம்மா திங்கட்கிழமையே கூப்பிட்டாங்களே!”

ரைட்டரின் பேனா நின்றது.

“அவங்கதான் வேற இடத்துல எடுக்கச் சொன்னாங்க. கட்டி இருந்துச்சு தம்பி. சின்னதுதான், எடுத்துடலாம்னுட்டாங்க. ஏழு பேருக்குப் பேசணும், நீங்க மூணாவதுன்னு சொன்னாங்க. ஆனா போனை வைக்கவே இல்லை. ஒரு மணி நேரம் பேசினோம். அவங்களுக்கும் என்னை மாதிரி யாரும் இல்லையாமே? நாளைக்கு வீட்டுக்கு வர்றதாச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேருக்குமா சமைக்கலாம்னு இருக்கேன்.”

ரைட்டர் தாளைப் பார்த்தார். எழுதிவைத்த தாளில் இதற்கு ஒரு வார்த்தை இல்லை.

“தம்பி? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்மா,” என்றார் ரைட்டர். “உங்க வீடு எங்கேன்னு சொல்லுங்க. நேர்ல வந்து சொல்றேன்.”