மெட்ரோவில் வந்த கோடிப் புடவை

சென்னை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெண்மதியும் அவளுடைய அப்பா கிருஷ்ணப்பனும் வெளியே வந்தார்கள். அப்பா ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

மணி இரண்டரை. நான்கு மணிக்குள் அவர்கள் வண்ணாரப்பேட்டை போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் சுகுணா அத்தையின் முகத்தை இனிமேல் பார்க்கவே முடியாது.

அத்தை அன்று விடியற்காலையில் இறந்துபோனாள். அப்பாவின் கூடப் பிறந்த அக்கா அவள் ஒருத்திதான். அப்பா தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்ததால், தகவல் அவர் காதுக்கு வரும்போது மணி ஒன்பது. கடத்தூரிலிருந்து பஸ்ஸில் போனால் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் அத்தையின் மகன் அருள்குமார் சேலத்திலிருந்து விமானத்தில் இரண்டு டிக்கெட் போட்டான். மயானத்தில் நான்கரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்; நான்கு மணிக்கே வீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதை மாற்ற முடியவில்லை.

அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. துக்க வீட்டுக்கு வரக் கூடாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். துக்கத்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்பதால் ஆறாம் வகுப்பு வெண்மதி துணைக்கு வந்தாள்.

பையில் இருந்தது பச்சைப் புடவை. கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதற்குப் பெயர் கோடி. அதைப் போர்த்தாமல் அவளை அனுப்பினால், பிறந்த வீட்டில் யாருமே இல்லாதவள் போல ஆகிவிடும். அப்படி ஆகிவிடுமோ என்று அப்பா பயந்தார்.

இன்னொன்றும் அவரை வாட்டியது. அத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வாள்.

"டேய் கிருஷ்ணா, எப்படா என் வூட்டுக்கு வருவ?"

"தக்காளி முடியட்டும்க்கா."

தக்காளி முடிந்தால் மஞ்சள். மஞ்சள் முடிந்தால் கரும்பு. அத்தை சென்னைக்குக் குடிபோன பன்னிரண்டு வருஷமாக ஏதாவது ஒரு பயிர் குறுக்கே நின்றுகொண்டேயிருந்தது. இன்றைக்குத்தான் அப்பா முதல் முறையாக அக்கா வீட்டுக்குப் போகிறார்.

அப்பாவின் போன் அடித்தது. அருள்குமார் ஏற்பாடு செய்திருந்த காரின் டிரைவர்.

"சார், கிண்டியில மழைத் தண்ணி நிக்குது. வண்டி நகரவே இல்ல. நான் அங்க வரவே ஒரு மணி நேரம் ஆகும் சார்."

"ஒரு மணி நேரமா?" என்றார் அப்பா. "அப்புறம் இங்க இருந்து திரும்பிப் போவணுமேங்க?"

"அதே தண்ணியிலதான் சார் போகணும்."

போன் கட்டாகிவிட்டது. அப்பா அந்தப் பக்கம் இரண்டடி நடந்தார். இந்தப் பக்கம் இரண்டடி நடந்தார். வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டார். "நாலு மணிக்குள்ளயா? அது முடியாதுங்க" என்று இருவருமே கையை விரித்தார்கள். அப்பா ஒரு தூணில் சாய்ந்து நின்றுவிட்டார்.

வெண்மதி அப்பாவை இப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால்கூட, "போனா போவுது" என்று சிரிக்கிற ஆள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அப்பா இன்னும் ஒடிந்துபோவார் என்று அடக்கிக்கொண்டாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பலகை இருந்தது. அதில் மெட்ரோ ரயில் படமும் அம்புக்குறியும் இருந்தன. அவளுக்கு அத்தையின் குரல் நினைவுக்கு வந்தது. 'வண்ணாரப்பேட்டை மெட்ரோல இறங்குனா ரெண்டாவது தெருதான்டி நம்ம வூடு.'

பலகைக்குப் பக்கத்தில் ஒரு காவலர் அக்கா நின்றிருந்தார். வெண்மதி ஓடிப்போய்க் கேட்டாள்.

"அக்கா, இந்த ரயிலு வண்ணாரப்பேட்டைக்குப் போவுமாங்க?"

"நேராப் போகும். எங்கயும் மாற வேண்டாம். அம்பது நிமிஷம்."

வெண்மதி திரும்பி ஓடிவந்து சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார்.

"ரயிலு வேணாம் கண்ணு."

"ஏன்ப்பா?"

"கையில கோடி இருக்குது. பத்துப் பேரு வர்ற வண்டியில இதை ஏத்தக் கூடாது. கல்யாணத்துக்குப் போறவங்க வருவாங்க. உங்கம்மா மாதிரி மாசமா இருக்கறவங்க வருவாங்க. நம்ம துக்கம் நம்மோட போவட்டும். அடுத்தவங்க மேல படக் கூடாது."

அப்பா சொன்னதில் ஒரு நல்ல மனசு இருந்தது. வெண்மதி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால்.

"அப்பா, பிளேன்ல இந்தப் பையை எங்க வெச்சீங்க?"

"மடியிலதான் வெச்சேன். பிளேன்ல வேலை பாக்கற அந்தப் பொண்ணு வாங்கி மேல வெச்சிடுச்சு."

"மேலன்னா?"

"தலைக்கு மேல இருக்கற பெட்டியில."

"அப்ப அத்தனை பேரு தலைக்கு மேலதானப்பா வந்துச்சு! ரயில்ல நம்ம கையிலயே இருக்கும். யார் மேலயும் படாது. நான் பாத்துக்கறேன்."

விமானத்தில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் எதுவும் ஆகாமல், தூங்கி எழுந்து, பெட்டியை உருட்டிக்கொண்டு போனதை அவரே பார்த்திருந்தார்.

"வா, போலாம்" என்றார் அப்பா.

ரயில் காலியாகத்தான் கிளம்பியது. அப்பா உட்காரவில்லை. கதவோரத்தில் பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். வெண்மதி அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கிண்டி வந்தபோது கீழே எட்டிப் பார்த்தாள். கார்கள் தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அங்கேதான் கூட்டம் ஏறியது. ஒரு பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்கள். நேராக அப்பா நிற்கும் இடத்துக்கே வந்தாள். அப்பா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். பின்னால் கதவு. பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வெண்மதி எழுந்து அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்தாள்.

"இன்னா பாப்பா, உங்க அப்பாவா? ஏன் பையைத் தூக்கிக்கினு நிக்கறாரு? கை வலிக்காது?"

பொய் சொல்லலாம். புதுத்துணி, அழுக்காகிவிடும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்பா எதற்காகப் பயப்படுகிறாரோ, அது இந்த அக்காவுக்காகத்தானே? அவளிடம் மறைப்பது சரியில்லை என்று வெண்மதிக்குப் பட்டது.

"அக்கா, எங்க அத்தை இறந்துட்டாங்க. பையில அவங்களுக்குக் கோடி இருக்குது. உங்க மேல பட்டுடக் கூடாதுன்னு எங்கப்பா பயப்படறாரு. நீங்க வேணும்னா அந்தப் பக்கம் உக்காந்துக்கறீங்களா? நான் இடம் கேட்டுத் தரேன்."

அந்தப் பெண் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பை இன்னும் அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

"கையை எறக்குங்கண்ணா" என்றாள் மெதுவாக. "எனக்கு இது மூணாவது. முதல் ரெண்டும் தெருவுல பண்ற அட்டகாசத்துக்கு, எமனே வந்தாலும் பயந்து ஓடுவான். ஒரு புடவை இன்னா பண்ணிடும்?"

பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் கையை இறக்கினார்.

"எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?" என்று அந்தப் பெண் வெண்மதியிடம் கேட்டாள்.

"வண்ணாரப்பேட்டைங்க. நாலு மணிக்கு எடுத்துடுவாங்க."

"நானும் அங்கதான். தெரு பேரு சொல்லு."

அவள் பெயர் தெரசா. எந்த வழியாக வெளியே போக வேண்டும், எந்த மருந்துக்கடையில் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெண்மதி திருப்பிச் சொல்லிக் காட்டினாள். ரயில் பூமிக்குள் இறங்கியது. ஜன்னல் கறுப்பாகிவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்து போயிற்று.

இறங்கியதும் தெரசா, "எனக்காக நிக்காதீங்க, நான் மெதுவாத்தான் வருவேன். ஓடுங்க!" என்றாள்.

அவர்கள் ஓடினார்கள். மருந்துக்கடை வந்தது. திரும்பினார்கள். மணி மூன்று ஐம்பது. தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். பூ அலங்காரம் செய்த வண்டி வாசலில் தயாராக இருந்தது. அருள்குமார் அழுது வீங்கிய முகத்தோடு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "நேரமாவுது. பொறந்த வூட்டுல இருந்து யாராவது வந்திருக்காங்களா, இல்லையா?"

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சிரைப்பில் குரல் வரவில்லை.

வெண்மதி தன்னால் முடிந்தவரை சத்தமாகச் சொன்னாள். "வந்துட்டோம்! கடத்தூர்ல இருந்து நாங்க வந்துட்டோம்!"

கூட்டம் இரண்டாக விலகி வழி விட்டது.

அத்தை தூங்குகிறவள் போலப் படுத்திருந்தாள். அப்பா பையைப் பிரித்துப் புடவையை எடுத்தார். ஒரு முனையை வெண்மதியிடம் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து போர்த்தினார்கள். அப்பா அத்தையின் காலடியில் உட்கார்ந்தார்.

"அக்கா, உன் வூட்டுக்கு வந்துட்டேன்க்கா" என்றார். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வெண்மதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். இப்போது யாரும் எதையும் அடக்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது. சுகுணா அத்தை பிறந்த வீட்டுப் புடவையைப் போர்த்திக்கொண்டு போனாள்.