சனிக்கிழமைத் தண்ணீர்

"ஊத்தாத!"

குடத்தைச் சாய்க்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டான் அவன். தண்ணீர் முழுக்க அவன் வெள்ளைச் சட்டை மேலேயே கொட்டியது.

இருதயமேரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! விக்கிரவாண்டி தாண்டி, நிலக்கடலை போட்ட அவர்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு எதிரே, மோட்டார் சைக்கிள் புஸ்ஸென்று ஆவி கக்கி நின்றது இவனுக்குத்தான். தண்ணீர் கேட்டதும் இவன்தான். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள் இரக்கப்பட்டு மொண்டு வந்தால் தட்டியா விடுவது...

"கொதிக்கிற இஞ்சின் மேல பச்சத்தண்ணி ஊத்துனா வெடிப்பு வுட்டுடும். மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்," என்றான், சட்டையைப் பிழிந்துகொண்டே.

ஆறட்டுமாம்! அதுவரை புளியமரத்தடியில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கத் தந்திரம் என்று நினைத்தாள். கரி படிந்த முகத்தில் அந்தக் கண்கள் மட்டும் சிரித்தன. பார்க்கக் கூடாது என்றே இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.

அவன் பெயர் சவுரிராயன். திண்டிவனத்து பஸ் ஷெட்டில் மெக்கானிக். சனிக்கிழமை தோறும் முதலாளியின் வண்டியில் விழுப்புரத்துக்குச் சாமான் கொண்டு போகிறவன். மற்ற மோட்டார் சைக்கிள்கள் காற்றிலேயே ஆறிவிடும், இது தண்ணீரில்தான் ஆறும் என்றான். கேட்காமலே பாடம் நடத்தினான். ஆறிய பிறகு அடித் திருகைத் திறந்து பழையதை வடிக்க வேண்டும். செவந்து வந்தால் உள்ளே துரு, அப்போது மாற்றியாக வேண்டும். நல்ல தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காற்றுக் குமிழி அடங்க அடங்க மெல்ல ஊற்ற வேண்டும். ஷெட்டுக் கிணறு உப்பு. உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

அவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தான். கல்கண்டு என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும்...

"இன்னா இது, தண்ணி குடிக்கிறதுல எங்க மாட்டையே தோக்கடிச்சிடும் போலக்குதே," என்பாள். "வெயிலு பேஜாரு பண்ணுதும்மா," என்பான் அவன், குனிந்த தலை நிமிராமல். பழைய தண்ணீர் வடியும் தட்டைப் பார்ப்பானே தவிர, அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆம்பிளையே வாயைத் திறக்காதபோது நான் எதற்குத் திறக்க வேண்டும்? மேரிக்கும் ரோஷம் இருந்தது.

வைகாசியில் முகையூரிலிருந்து வரன் வந்தது. அவள் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடலாம் என்றார் அப்பா அந்தோணிசாமி. மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வாள்? வாய் திறக்காத ஒரு மோட்டார் சைக்கிள்காரனையா?

மறுநாள் பூசை. சனிக்கிழமை மத்தியானம் கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. சவுரிராயன் வந்து வண்டியை நிறுத்தினான். இஞ்சின் ஆறும் வரை புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். பிறகு அவனை முந்திக்கொண்டு அவளே திருகைத் திறந்தாள். தட்டில் விழுந்த தண்ணீர், போன வாரம் ஊற்றியது போலவே பளிங்காக இருந்தது. எத்தனையோ வாரமாக அப்படித்தான்.

"செவந்து வந்தாதான் மாத்தணும்னு நீங்கதான சொன்னீங்க? இது தெளிஞ்சிக்கினு இருக்குது. அப்புறம் எதுக்கு வாரா வாரம் வர்றீங்க?" தட்டை அவன் முன்னே நகர்த்தினாள். "முகையூர் வரனுக்கு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நான் பதில் சொல்லணும். நாளைக்கு ஓலை வாசிக்கப் போறாங்க."

அவன் கையிலிருந்த துணி நழுவியது. முகத்தில் வழிந்த மழையை முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

"தண்ணிக்கு வரல மேரி... உன்னப் பாக்கத்தான் வர்றேன். சொன்னா இந்தக் கெணத்தாண்டயும் வரக்கூடாதுன்னுடுவியோன்னு பயம்."

அப்பாடா! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டிக் கொல்லையைக் காட்டினாள். செடி ஒன்றுகூட இல்லை. வெறும் மண் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"மல்லாட்டை புடுங்கி ஒரு மாசம் ஆவுது. தண்ணி பாய்ச்ச இங்க ஒண்ணுமில்ல. சனிக்கெழம ஆனா நான் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்னு நெனச்சீங்க? வாங்க... அப்பா வீட்லதான் இருக்காரு."